தெரியாதவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது: இணையக் குழுக்களில் முதல் கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முதலில் என் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, வீடு பல வருடம் பூட்டிக் கிடந்தது. திறந்து கூட்டிப் பெருக்கியபோது வளவு, அதாவது நடுமுற்றப் பகுதியின் தரை மங்கிப்போய், திட்டுத் திட்டாக வெள்ளை படிந்திருந்தது. கையில் போன் இருக்கிறதே, வீட்டுப் பராமரிப்புக்கான ஒரு பெரிய குழுவில் போய், "டைல்ஸில் வெள்ளைக் கறை, எதைப் போட்டுத் தேய்த்தால் போகும்?" என்று ஒரே வரியில் கேட்டேன். 10 நிமிடத்தில் 16 பதில். பாதிப் பேர் சொன்னது ஆசிட். வாங்கி வந்து ஊற்றினேன், நுரைத்தது, அழுக்கு கிளம்புகிறது என்று சந்தோஷமாக 3 வரிசை தேய்த்தேன். கழுவிவிட்டுப் பார்த்தால் பளபளப்பு போய், பூவெல்லாம் வெளிறி, கால் வைத்தால் சொரசொரவென்று இருக்கிறது.

அது ஆத்தங்குடிக் கல். சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, அதற்கு மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த வழவழப்பே கண்ணாடி கொடுத்ததுதான். ஆசிட் சிமென்ட்டைத் தின்றுவிடும். பதில் சொன்னவர்கள் மனதில் இருந்தது பாத்ரூமில் ஒட்டுகிற சுட்ட டைல்ஸ், அதற்கு அந்த யோசனை ஓரளவு சரிதான். என் வீட்டில் இருப்பது என்ன கல் என்று நான் சொல்லவேயில்லை, பிறகு யாரைக் குறை சொல்வது?

அதற்குப் பிறகு சுவர் ஓதம் (ஈரம் ஏறுவது), மரத்தூணில் கறையான், ஓட்டுக்கூரை ஒழுகல் என்று நிறையக் கேட்டாகிவிட்டது. கேட்டுக் கேட்டுப் பழகியதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். என் உதாரணமெல்லாம் வீடாக இருக்கும், உங்களுக்கு மாடோ, மாடித்தோட்டமோ, பழுதான மிக்ஸியோ, முறை அதேதான்.

படி 1: மருந்தைக் கேட்காதீர்கள், நோயைச் சொல்லுங்கள்

குழுவைத் தேடும் முன் ஒரு தாளை எடுத்து உங்கள் சிக்கலை எழுதுங்கள். போனில் வேண்டாம், தாளில். ஏனென்றால் நாம் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம்: சிக்கல் வந்ததும் மனதுக்குள்ளேயே ஒரு தீர்வை முடிவு செய்துவிட்டு, அந்தத் தீர்வைப் பற்றிய கேள்வியைத்தான் வெளியே கேட்கிறோம்.

எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டு, அதாவது உள்பகுதியின் வடக்குச் சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. நான் கேட்க நினைத்தது, "ஈரம் தாங்கும் நல்ல பெயிண்ட் எது?" கேட்டிருந்தால் 20 கம்பெனிப் பெயர் வந்திருக்கும், ஒன்றை வாங்கி அடித்திருப்பேன், அடுத்த ஐப்பசி மழையில் அதுவும் கொப்புளித்து உரிந்திருக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை மேற்பரப்பு வழியாகக் காற்றில் விடும், ஈரம் காயும்போது அதில் கரைந்திருந்த உப்பு வெளியே படிந்துவிடும். அதன் மேல் பெயிண்டோ சிமென்ட்டோ பூசி அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். ஆக நான் கேட்க வேண்டியிருந்தது "ஈரம் எங்கிருந்து வருகிறது" என்று. பெயிண்ட் பெயரை விசாரித்துக்கொண்டிருந்தால் இது என் காதில் விழுந்தே இருக்காது.

தாளில் எழுதியதைப் படித்துப் பாருங்கள். அதில் ஒரு பொருளின் பெயரோ, "எப்படிச் செய்வது" என்ற வார்த்தையோ இருந்தால், அதற்கு முந்தைய சிக்கல் ஒன்று பின்னால் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் எழுதிவிடுங்கள்.

படி 2: எங்கே கேட்பது

வாட்ஸ்அப் குழு வேகமானது, தெரிந்தவர் தெரிந்தவரைச் சேர்த்தது, அதனால் மரியாதையும் இருக்கும். ஆனால் ஒரு குழுவில் 1024 பேருக்கு மேல் சேர முடியாது, உங்கள் போன் நம்பர் அத்தனை பேருக்கும் தெரியும், இன்று வந்த நல்ல பதில் நாளைக் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். டெலிகிராமில் 2 லட்சம் பேர் வரை ஒரே குழுவில் இருக்கலாம், நம்பரை மறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. பேஸ்புக் குழுக்கள் படம் போட்டுக் கேட்கிற விஷயங்களுக்கு நல்லது, செடி, மாடு, பழைய வீடு, சமையல் எல்லாவற்றுக்கும் தமிழிலேயே ஆட்கள் உண்டு.

பொறுமையாகத் தேடிப் படிக்க வேண்டுமென்றால் கேள்வியும் பதிலும் ஒரே பக்கத்தில் நிற்கிற இடங்கள்தான் சரி. 2005-ல் ஆரம்பித்த ரெடிட்டில் புனைபெயரில் கேட்கலாம், நல்ல பதிலை வாக்குப் போட்டு மேலே ஏற்றுவார்கள். 2008-ல் புரோகிராம் எழுதுகிறவர்களுக்காக வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைப் பின்பற்றி, வீட்டு வேலை, சைக்கிள், சமையல் என்று தனித்தனியாக ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளங்கள் இருக்கின்றன. அங்கே அரட்டைக்கு இடமில்லை. முதலில் முகத்தில் அடித்தாற்போல இருக்கும், போகப் போக அதன் அருமை தெரியும்.

ஒன்று மட்டும் கவனம். அமெரிக்கர்கள் வீட்டைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமான சுவரை நினைத்துக்கொண்டு பேசுவார்கள், அந்த யோசனை நம் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டாது. எனக்கு உபயோகமாக இருந்தவர்கள் பழைய வீடு வைத்திருக்கிற பிரிட்டன்காரர்கள். அங்கும் சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடுகள் ஏராளம், சிமென்ட் பூசிக் கெடுத்துக்கொண்டு புலம்புகிறவர்களும் ஏராளம். அவர்கள் சொல்லும் உறைபனிக் கதையை மட்டும் கழித்துவிட வேண்டும். ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலி போதும், ஆனால் ஆங்கிலத்தில் சுண்ணாம்புக்கும் எலுமிச்சைக்கும் ஒரே சொல், லைம். சுவரில் எலுமிச்சை பூசச் சொல்கிறார்களே என்று முதல் நாள் நான் திகைத்துப்போனேன்.

பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் இதையெல்லாம் கேட்காதீர்கள். சுவரில் உப்பு என்று ஒரு படம் போட்டால், சென்னையிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர், யார் பங்குச் சுவர், யார் செலவு என்று ஆரம்பித்து, முடியும்போது எந்தக் கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதில் வந்து நிற்கும்.

படி 3: கொஞ்ச நாள் முகப்பில் உட்காருங்கள்

ஒரு விசேஷ வீட்டுக்குப் போனால் நேராக உள்ளே போய்ப் பந்தியில் உட்காருவதில்லை. முகப்பில் உட்கார்ந்து, யார் யார் வந்திருக்கிறார்கள், வேலையை எடுத்துச் செய்கிறவர் யார் என்று பார்த்துக்கொள்வோம். குழுவிலும் ஒரு வாரம் அப்படி இருங்கள். மேலே ஒட்டி வைத்திருக்கும் விதிகளை முழுதாகப் படியுங்கள், பலருக்குக் கேள்வி நீக்கப்படுவதே அதைப் படிக்காததால்தான்.

பார்க்க வேண்டியது ஆட்களை. எந்தக் கேள்விக்கும் முதல் ஆளாகப் பதில் போடுகிறவர் ஒருவர் இருப்பார், அவரைக் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். "எத்தனை நாளாக இப்படி?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பிறகு பதில் சொல்கிறவர் நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரே கடையின் பெயரில் வந்து முடிகிறவரையும் குறித்துக்கொள்ளுங்கள், வேறு காரணத்துக்காக.

படி 4: ஏற்கெனவே கேட்டிருப்பார்கள், தேடுங்கள்

உங்கள் கேள்வியை உங்களுக்கு முன் யாரோ கேட்டிருப்பார்கள். எந்தச் சொல்லில் கேட்டார்கள் என்பதுதான் தெரியாது, அதிலும் தமிழில் தேடுவது தனிப் பாடு. சுவர் ஈரத்தை நான் எப்படியெல்லாம் தேடினேன் என்றால்: ஓதம், ஈரக்கசிவு, உப்புப் பூத்தல், சுவர் பொரிதல், பூச்சு உதிர்தல், லைம் பிளாஸ்டர், ரைசிங் டேம்ப். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு பதில். பெரியவர்கள் ஓதம் என்று எழுதுகிறார்கள், இன்ஜினியர்கள் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறார்கள், இளவட்டங்கள் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், ஆக மூன்று விதமாகவும் அடித்துப் பார்க்க வேண்டும். ஆத்தங்குடி என்று ஒருவர் எழுதினால் இன்னொருவர் ஆத்தங்குடிக் கல் என்பார், மூன்றாமவர் செட்டிநாடு டைல்ஸ் என்பார். சொல் தெரியவில்லையென்றால் வேலை தெரிந்தவரிடம் "இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்து தேடுங்கள். இரண்டு மூன்று சொல் அடுத்தடுத்து வர வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் போட்டால் கூகுள் அப்படியே தேடும். குழுவுக்குள் தேட அந்த பூதக்கண்ணாடிப் படத்தைத் தட்டினால் போதும்.

தேடிக் கிடைத்த பதிலின் தேதியைப் பாருங்கள். சுண்ணாம்புக்கு 15 வருடப் பழைய பதிலும் நல்ல பதில்தான். போனில் எந்த இடத்தைத் தட்டுவது என்பதற்குப் போன வருடப் பதிலே செல்லாது.

படி 5: எதைச் சொல்லக் கூடாது

இதை நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "வீடு பூட்டியே கிடக்கிறது, கோயில் திருவிழாவுக்குத்தான் வருவோம்" என்று எழுதி, பர்மாத் தேக்கு நிலைக்கதவைப் படமெடுத்துப் போட்டு, ஊர் பெயரையும் தெருவையும் கீழே எழுதுகிறார்கள். யார் பார்ப்பார்கள் என்று யோசிக்க வேண்டாமா? ஊர் என்ன என்பது பதில் சொல்கிறவருக்குத் தேவைப்படாது, சிவகங்கை மாவட்டம் என்றால் போதும், மழையும் மண்ணும் அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டு எண், விலாசம், முகப்பு முழுதும் தெரிகிற படம் எதுவும் வேண்டாம், உப்புப் பூத்த சுவரை மட்டும் எடுங்கள். கேமராவில் இடத்தைப் பதியும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை டாகுமெண்டாக அனுப்பினால் படத்துக்குள் பதிந்த இடக் குறிப்பும் கூடவே போய்விடும்.

பேங்க் விவரம், ஆதார், பத்திரத்தின் நகல், மருத்துவ ரிப்போர்ட்டில் பெயர் இருக்கும் பக்கம், இவையும் கூடாது. வேறு பெயரில் கணக்கு வைத்துக்கொள்வது தப்பே இல்லை.

படி 6: கேள்வியை எழுதுவது

முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். "அவசரம், உதவுங்கள் நண்பர்களே" என்று ஆரம்பித்தால் விஷயம் தெரிந்தவர் தாண்டிப் போய்விடுவார், அவருக்கு எல்லோரும் அவசரம்தான். குரல் பதிவு வேண்டவே வேண்டாம், 3 நிமிடம் கேட்கிற பொறுமை யாருக்கும் கிடையாது, நாளைக்குத் தேடினால் அது கிடைக்கவும் கிடைக்காது. நான் ஓதத்துக்காகக் கடைசியில் எழுதியது இது, வேண்டுமானால் இதையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள்:

"பழைய சுண்ணாம்புச் சுவரில் 3 அடி உயரம் வரை உப்புப் பூக்கிறது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிவகங்கை மாவட்டம். செங்கல், சுண்ணாம்புக் காரை, வீடு கட்டி 80 வருடத்துக்கு மேல். வடக்குச் சுவரில் மட்டும், அதுவும் 5 வருடமாகத்தான். கார்த்திகையில் அதிகம், சித்திரையில் காய்ந்து பொடியாக உதிர்கிறது. 6 வருடம் முன்பு அந்தச் சுவரின் வெளிப்பக்கம் கீழே 4 அடிக்கு சிமென்ட் பூசினோம். மேலே கூரையில் ஒழுகல் இல்லை, பார்த்துவிட்டேன். சுவரை இடிக்க முடியாது. தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, 3 படம் போட்டிருக்கிறேன். பக்கத்துப் படத்தில் அளவுக்காக 10 ரூபாய்க் காசு வைத்திருக்கிறேன்."

எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே பாதிப் பதில் தெரிந்துவிட்டது. 6 வருடம் முன்பு சிமென்ட், 5 வருடமாக உப்பு. இரண்டையும் அதுவரை நான் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

ஏற்கெனவே என்ன செய்து பார்த்தீர்கள் என்பதை, முட்டாள்தனமாக இருந்தாலும், மறைக்காமல் எழுதுங்கள். நான் சிமென்ட் பூசியதை வெட்கப்பட்டு விட்டிருந்தால் யாராலும் சொல்லியிருக்க முடியாது. படத்தைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி நின்று எடுங்கள், ப்ளாஷ் போட்டால் சுவரின் மேடு பள்ளமெல்லாம் மறைந்துபோகும்.

படி 7: கேட்டுவிட்டுக் காத்திருப்பது

ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் 5 குழுவில் போடாதீர்கள். பாதிப் பேர் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள், எரிச்சல்தான் வரும். ஒரு நாள் முழுதாக விடுங்கள். யாராவது திருப்பிக் கேள்வி கேட்டால் நம்மைக் குறுக்கு விசாரணை செய்வதாக நினைக்காமல் உடனே பதில் சொல்லுங்கள், அந்த ஆளுக்குத்தான் விஷயம் தெரியும். குத்தலாக ஒருவர் பேசினால் விட்டுத் தள்ளுங்கள். பதிலே வரவில்லையென்றால், இரண்டு நாள் கழித்து, இன்னொரு படமோ அளவோ சேர்த்து அதே இடத்தில் எழுதினால் மறுபடி மேலே வரும்.

படி 8: வந்த பதிலை உரசிப் பார்ப்பது

எத்தனை பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள் என்று எண்ணாதீர்கள், என் தரையில் ஆசிட் ஊற்றியது அந்த எண்ணிக்கைதான். நான் பார்ப்பது வேறு. காரணத்தைச் சொல்கிறாரா? எந்த இடத்தில் இந்த யோசனை பலிக்காது என்று சொல்கிறாரா? தானே செய்து ஒரு மழையாவது தாண்டியிருக்கிறாரா, இல்லை, எங்கோ படித்ததா? இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வெட்டி ஒட்டுகிறவர்கள் வேறு பெருகிவிட்டார்கள். பதில் வழுக்கிக்கொண்டு போகும், எண் போட்டு வரிசையாக இருக்கும், "நீங்கள் செய்தபோது எத்தனை நாள் காய விட்டீர்கள்?" என்று கேட்டால் ஆள் காணாமல் போய்விடுவார்.

இரண்டு நல்ல ஆட்கள் இரண்டு விதமாகச் சொன்னால் பயப்பட வேண்டாம், இருவரையும் ஒரே இடத்தில் கூப்பிட்டு, "அவர் இப்படிச் சொல்கிறார், எதனால் வித்தியாசம்?" என்று கேளுங்கள். கேட்கிற தொனி மட்டும் பஞ்சாயத்து மாதிரி இருக்கக் கூடாது.

எது நல்ல யோசனையாகத் தெரிந்தாலும் ஒரு சதுர அடியில் செய்து பாருங்கள், கதவுக்குப் பின்னால், பெட்டகத்துக்கு அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில். சில விஷயங்களில் அதுவும் கூடாது. உத்திரம் இறங்குகிறது, மின்கசிவு, மருந்து, பாகப்பிரிவினைப் பத்திரம் இவற்றுக்கு இன்ஜினியர், எலக்ட்ரீஷியன், டாக்டர், வக்கீல்தான். குழுவில் கேட்டால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

பக்கத்தில் இருப்பவரை மறப்பதும் நடக்கும். மாடிப்படிக் கம்பியின் துருவைப் பற்றி எங்கோ இருக்கும் யாரிடமோ இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். உலோகம் அரிப்பதை ஆராய்ச்சி செய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்கிறோமே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-ல் அடிக்கல் போட்டது, காரைக்குடியிலேயே இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் காய்கறி வாங்கப் போகிறேன்.

படி 9: போனிலிருந்து சுவருக்கு

குழுவில் இருப்பவரால் சுவரைத் தொட முடியாது. அதனால் கடைசியில் உள்ளூர் கொத்தனாரிடம் வந்துதான் ஆக வேண்டும், அதுவும் சுண்ணாம்பு வேலை தெரிந்த, வயதான கொத்தனாரிடம். ஆனால் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இங்கிலாந்தில் இப்படிச் சொல்கிறார்கள்" என்று ஆரம்பித்தால் அவர் வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா இருந்துவிடுவார். நான் அப்படித்தான் ஒருமுறை செய்தேன். அடுத்த முறை வாயைத் திறக்காமல் சுவரை மட்டும் காட்டினேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார், வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஆச்சி, ரோட்டை மேல தூக்கிட்டாங்கல்ல, மழத்தண்ணி இப்ப உங்க செவத்துப் பக்கந்தான் நிக்கும். அதுக்கு மேல சிமெண்ட வேற பூசி வாயக் கட்டிட்டீங்க. செவரு எங்க மூச்சு விடும்?"

"அப்ப என்ன செய்யலாம்ணே?"

"மொதல்ல தண்ணிய வெளியேத்துங்க. அப்புறம் சிமெண்டக் கொத்திட்டு ஒரு கோட காய விடுங்க. பூச்சுக்கு அவசரமில்ல."

குழுவில் ஒருவர் நீளமாக விளக்கியதும் இதையேதான், ரோடு உயர்ந்தது மட்டும் அவருக்குப் படத்தில் தெரியவில்லை. பூச்சுக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் எந்த அளவு ஊறவைப்பது என்பதைக் கொத்தனார் கை அறியும், அதை நான் குழுவில் கேட்கவேயில்லை. ஏன் என்பதைத் தூரத்து ஆட்களிடமும், எப்படி என்பதைப் பக்கத்து ஆளிடமும் கேட்பது எனக்குப் பழகிவிட்டது.

படி 10: தனியாக மெசேஜ் அனுப்புகிறவர்கள்

கேள்வி போட்ட சிறிது நேரத்தில் தனியாக ஒரு மெசேஜ் வரும். பழைய சாமான் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒருவர், முன்பணம் அனுப்பினால் நாளைக்கே ஆள் வரும் என்று ஒருவர். பதில் பொதுவில் சொல்லக் கூடியதாக இருந்தால் அவர் பொதுவிலேயே சொல்லியிருப்பார். பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை, கேட்டால் அது பிடுங்குவதற்குத்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

படி 11: திரும்பி வந்து சொல்வது

இதைத்தான் யாரும் செய்வதில்லை. நூறு கேள்வி படித்தேன், "என்ன ஆச்சு?" என்று கடைசியில் யாரோ கேட்டுப் பதில் இல்லாமல் நிற்பவை எத்தனையோ. நன்றி என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவதைவிட, செய்தது என்ன, எத்தனை நாள் ஆனது, எவ்வளவு செலவு, எது சரிவரவில்லை என்று நாலு வரி எழுதுங்கள். உடனே எழுத வேண்டாம், சுவர் விஷயமென்றால் ஒரு மழைக்காலம் போகட்டும்.

நான் தை மாதம் எழுதினேன். வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினோம், சிமென்ட்டைக் கொத்தினோம், ஒரு கோடை காய்ந்தது, சுண்ணாம்பு பூசினோம், 3 அடி இருந்த உப்பு இப்போது ஒரு சாண், அதுவும் ஒரு மூலையில் மட்டும், ஏன் என்று இன்னும் தெரியவில்லை. எழுதிய மறுநாள் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் அதற்குக் கீழேயே, "எங்க வீட்லயும் இதே மாதிரி இருக்கு, எந்தப் பெயிண்ட் அடிக்கலாம்?" என்று கேட்டிருந்தார். வெளியே ரோட்டு மட்டம் என்ன, 3 படம் போடுங்கள், பக்கத்துப் படத்தில் காசு வையுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.